புயல்: சொல்லும் பொருளும்

'புயல்' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் மேகம், மழை என்பனவே பொருள். திருக்குறளின் 'வான்சிறப்பு' அதிகாரத்தில் அது மழையையே குறிக்கிறது. உழவர் வேண்டி நின்ற ஒன்றைச் சுட்டிய சொல், இன்று அஞ்சத்தக்க ஒன்றைச் சுட்டுகிறது.

'சைக்ளோன்' என்பதோ 1848ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் ஆக்கிய சொல். வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. நம் 'சூறாவளி'யிலும் (சூறை + வளி) சுழற்சிப் பொருள் அமைந்துள்ளது. ஆகவே சுழற்சியே இதன் இலக்கணம் எனக் கொள்ளலாம். இடிமழையோடு வரும் கடுங்காற்றெல்லாம் புயல் ஆகாது. விடியற்பொழுதில் மலாக்கா நீரிணையைக் கடந்து நம் கரையைத் தாக்கும் 'சுமத்ரா' காற்று, வரிசையாக நகரும் இடிமழைத் தொகுதியே, புயலன்று.

புயல் எவ்வாறு உருவாகிறது? கடல்நீர் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம்வரை 26.5 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்துடன் இருத்தல் வேண்டும். அந்நீர் ஆவியாகி மேலெழுந்து, குளிர்ந்து துளியாகும்போது, தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளியிடுகிறது. அதனால் காற்று சூடேறி மேலும் உயர, கடல்மட்டத்தில் அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமுள்ள ஈரக்காற்று அவ்விடம் நோக்கி விரைகிறது. அதுவும் மேலெழுவதால் இத்தொடர்வினை வலுக்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறாதிருந்தால்தான் இவ்வமைப்பு சிதையாமல் நிலைக்கும்.

புவி சுழல்வதால், விரையும் காற்று நேராக மையத்தை அடையாமல் விலகிச் சுழல்கிறது: வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகவும், தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியாகவும். நிலநடுக்கோட்டில் இவ்விலக்கம் இல்லை. அதனை நெருங்க நெருங்கக் குறைகிறது. எனவே அக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

'பெரும்பாலும்' என்ற சொல்லை மாணவர் விட்டுவிடலாகாது. 2001 டிசம்பர் 26 அன்று, தென்சீனக் கடலில், வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் 'வாமெய்' புயல் உருவாயிற்று. வலுத்த வடகிழக்குப் பருவக்காற்றும் போர்னியோவை ஒட்டிய காற்றுச்சுழலும் இணைந்து, அவ்விடத்தில் புவி தர இயலாத சுழற்சியைத் தந்தன. மறுநாள் அது ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. வெள்ளமும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன.

ஆகவே, 'நம் வட்டாரத்தில் புயல் வராது' என்று வகுப்பறையில் சொல்வதைத் தவிர்த்து, 'மிக அரிதாகவே வரும்' என்று சொல்லப் பழகுவோம். அரிது என்பது வேறு. இல்லை என்பது வேறு. எச்சரிக்கையைக் கேட்கும் ஒருவர் கதவைச் சாத்துவதும் சாத்தாதிருப்பதும் அவ்விரு சொற்களுக்கும் இடையிலேயே இருக்கிறது.