சோலார் போடுறதுக்கு முன்னாடி மெயின் போர்டைத் திறந்து பாருங்க

தியாகதுருகத்துல எங்க வீட்டு மாடிக்கு 3 கிலோவாட் சோலார் போட விலைப்பட்டியல் வாங்கினேன். பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் வரி வரியா விலை. வீட்டு மெயின் போர்டு பத்தி ஒரு வரிகூட இல்ல.

எங்க வீட்டுல இருந்தது தாத்தா காலத்து மரப்பலகை, பீங்கான் பியூஸ் கட்டை. எலக்ட்ரீஷியன் அண்ணன் கழட்டிப் பார்த்தா, பின்னாடி வயர் தோல் கருகி உதிருது. அப்பாவோ, "முப்பது வருஷமா ஓடுது, இனிமே என்ன ஆகப்போவுது?"ன்னாரு.

இங்கதான் கணக்கு மாறுது. இதுவரைக்கும் கரண்ட் ஒரே வழியாதான் உள்ள வந்துச்சு. ஈபி பக்கம் 32 ஆம்பியர் எம்சிபி இருந்தா, அதைத் தாண்டினா டிரிப் ஆயிடும். சோலார் வந்ததும் ரெண்டாவது வழி திறக்குது. 3000 வாட்டை 230 வோல்ட்டால வகுத்தா சுமார் 13 ஆம்பியர். ரெண்டும் கூடுற இடத்துல 45 ஆம்பியர் வரைக்கும் ஓடலாம். ஆனா ஈபி எம்சிபிக்குத் தெரியுறது 32, சோலார் எம்சிபிக்குத் தெரியுறது 13. எதுவும் டிரிப் ஆகாது. நடுவுல இருக்கிற வயர்தான் சூடாகும்.

அப்பாகிட்ட வேற மாதிரி சொன்னேன். "கிணத்து மோட்டாரையும் போர் மோட்டாரையும் ஒரே பைப்புல விட்டா என்னப்பா ஆகும்?" உடனே சொன்னாரு: "பைப்பைப் பெருசாப் போடணும்."

டிபி பாக்ஸ்ல அந்தப் பைப்புதான் பஸ்பார், அதாவது உள்ள இருக்கிற செம்புப் பட்டை. ஈபி எம்சிபி 32, சோலாருக்குத் தனி எம்சிபி 20, கூட்டினா 52. அதனால 63 ஆம்பியர் பஸ்பார் இருக்கிற டிபி எடுத்தோம். வீட்டு லைன்களுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. பின்னாடி தேவைப்படும்னு ரெண்டு இடம் காலியா விட்டோம்.

இன்னொரு விஷயம். பேனல்ல இருந்து வர்றது டிசி. அதுக்கு டிசி எம்சிபியும் டிசி எஸ்பிடியும் இருக்கிற தனிப் பெட்டி வேணும். வீட்டு ஏசி எம்சிபியை அங்க மாட்டக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். அதனால சுவிட்ச் பிரியும்போது வர்ற தீப்பொறி அணைஞ்சிடும். டிசி பூஜ்யத்தைத் தொடாது, பொறி நின்னு எரியும்.

பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். கணக்குப் போடும்போது போர்டுக்கும் ஒரு வரி சேருங்க. விலைப்பட்டியல்ல அந்த வரி இல்லைன்னா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க.