எல்லையோரத் தொழில் நகரம் – 9: வாசல் ஆறு, மீட்டர் இரண்டு

ஓசூர்ப் பக்கம் வாடகை வீடு தேடும் குடும்பம் எந்த மாநிலத்தில் குடியிருப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். கணவனுக்கு பொம்மசந்திராவில் வேலை, மனைவிக்கு கெலமங்கலம் சாலையில் வேலை என்று இரு பக்கமும் இழுபடும் குடும்பத்துக்கு இந்தக் கோடு மாதச் செலவையே மாற்றிவிடும்.

தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூனில் வந்தது. அதற்குக் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். அதனால் ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பெண் எல்லைக்கு அப்பால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மின்சாரத்திலும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கர்நாடகத்தின் கிருஹ ஜோதியில், முந்தைய சராசரிப் பயன்பாட்டோடு 10 சதவீதம் சேர்த்து, மாதம் 200 யூனிட்டுக்கு மிகாமல் இலவசம். வாடகைக்கு இருப்பவர்களும் அதில் சேரலாம். பிள்ளைகளின் பள்ளி மொழியும் ரேஷன் கார்டும் கணக்கில் வரும். ஒரு மாநிலத்தில் பதிவு செய்த பைக்கை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதும் பலர் பிறகே தெரிந்துகொள்ளும் செலவு.

ஓசூரின் வாடகை வீடுகள் எப்படி உருவாயின என்பதைத் தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. நிரந்தர வேலை கிடைத்தவர்கள் பாகலூர் ஹட்கோ, அவலப்பள்ளி ஹட்கோ போன்ற குடியிருப்புகளிலும் அவற்றைச் சுற்றிய மனைகளிலும் குடியேறினார்கள். வீட்டு வசதிக்குக் கடன் தரும் மத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த வீடுகளின் மேல் மாடி, பின்கட்டு, மாடிப்படிக்குப் பக்கத்து அறை எல்லாம் காலப்போக்கில் வாடகைப் போர்ஷன்களாயின. இப்போது ஆலைகள் கூத்தனப்பள்ளி, சூளகிரி, குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி என விரிகின்றன. தனியாளாக வரும் தொழிலாளிக்குக் கம்பெனி விடுதி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் வருபவர்களுக்கான வீடுகளில் அந்த வேகம் இல்லை. அவர்கள் இன்னும் டூ-லெட் போர்டைத் தேடித்தான் தெருத்தெருவாக நடக்கிறார்கள்.

வீட்டைப் பார்க்கப் போனால் அறைக்குள் நுழையும் முன் மீட்டர் பெட்டியைப் பார்க்க வேண்டும். வாசல் ஆறு, மீட்டர் இரண்டு என்றால் மூன்று குடும்பங்களுக்கு ஒரே சர்வீஸ். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்தில் 180 யூனிட் எரிப்பதாக வைத்துக்கொள்ளலாம். தனித்தனி சர்வீஸ் இருந்தால் ஆளுக்கு 100 யூனிட் கழிந்து 80 யூனிட்டுக்கே கட்டணம். ஒரே சர்வீஸில் மொத்தம் 540 யூனிட் ஓடும். அதில் 100 மட்டுமே கழியும். 500ஐத் தாண்டிவிட்டதால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறும். இதைச் சரிக்கட்ட உரிமையாளர் சப் மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது வழக்கம். அரசு தரும் சலுகை இப்படி வாடகைக் குடும்பத்தின் கைக்கு வராமலே போகிறது. வாடகை சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி சர்வீஸ் உள்ள வீடே பெரும்பாலும் சிக்கனமானது.

அடுத்தது தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையும் பெரியவர்களுக்கு எலும்பு நோவும் இங்கே பழைய துயரம். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. எனவே "தண்ணி வருமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. குடிக்க ஒகேனக்கல் தண்ணி வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எல்லாப் போர்ஷனுக்கும் ஒரே தொட்டியா என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும். கேன் தண்ணீர் வாங்கித்தான் குடிக்க வேண்டும் என்றால் அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு வீட்டின் தூரம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்துதான் கணக்கு. இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் இறங்கும் பெண் அந்தச் சந்தில் தனியாக நடந்து வருவாள். தெருவிளக்கு எரிகிறதா என்பதை இரவில் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அட்வான்ஸ்தான் பெரும் சுமை. பெங்களூரின் பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் ஓசூர் வரை நீள்கிறது. 8,000 ரூபாய் வாடகைக்கு அது 80,000. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது, அப்படியானால் 24,000தான். உரிமையாளரும் குடியிருப்பவரும் மனமொத்துக் கையெழுத்திட்டால் தொகை கூடலாம் என்பதால், பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது.

வாடகையே இல்லாத லீஸ் வீடு ஆசை காட்டும். மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கும் ஏற்பாடு அது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அது வாராக் கடனானால், பதிவு செய்யாத தாளை வைத்துக்கொண்டு அந்தப் பணத்தை மீட்பது மிகக் கடினம். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கவே கூடாது.

இத்தனையும் பொருந்திய வீடும் கைநழுவலாம். எத்தனை பேர், எந்த ஊர், என்ன மொழி என்று கேள்விகள் வரும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து பேசும் ஊரில் மொழியால் பெரிய தடை வருவதில்லை. "சைவம் மட்டும்" என்ற நிபந்தனைதான் குத்துவது. பல இடங்களில் அது சாதியைக் கேட்பதற்கான சுற்றுவழி. ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பமானாலும் பக்கத்து மாவட்டத்துத் தலித் குடும்பமானாலும், அந்த ஒரு சொல்லால் தொலைவில் உள்ள, கூடுதல் செலவு வைக்கும் வீட்டுக்குத் தள்ளப்படுகிறது. இதைத் தடுக்க வாடகைச் சட்டத்தில் வழியில்லை, இருந்தாக வேண்டும்.

குடிபோகும் நாளில் மீட்டர் அளவு, சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பிடிப்பதானால் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம்.