சர்வர் கூடம் – 11: 59ஆம் கோர்

இதயத்துடிப்புக் கதையைச் சென்ற வாரமே முடித்தாயிற்று. பல சர்வர்களைச் சேர்த்து மேய்க்கும் குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் ஒவ்வொரு சர்வரும் 10 வினாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கும். குரல் நின்றால் முக்கால் நிமிடம்போலப் பொறுத்து ‘காணவில்லை’ என்று குறிப்பார்கள், மேலும் 5 நிமிடம் பார்த்துவிட்டு அதன் வேலையை வேறு சர்வருக்கு மாற்றுவார்கள். மற்றதெல்லாம் பழைய இதழில் இருக்கிறது.

இந்த வாரம் ஹார்ட் டிஸ்க் என்று அறிவித்திருந்தோம். வரும். அதற்குள் ஓர் எண் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது: 156.

1.1இன் 53ஆம் அடுக்கைக் கண்டு, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டினால் 156. ஃபேஸ்புக்கின் ஒரு சர்வர் இதற்கு 0 என்றது. சர்வர் முழுக்க அல்ல, அதன் செயலிக்குள் கணக்குப் போடும் பல கோர்களில் 59ஆம் எண் கோர் மட்டும். 52ஆம் அடுக்கைக் கேட்டால் அதே கோர் 142 என்று ஒழுங்காகச் சொல்லும். 107ஆம் அடுக்கு என்றால் 26,854க்குப் பதில் 32,809! தெரியாத பிள்ளை ‘தெரியாது’ என்று சொன்னால் வாத்தியாருக்குப் பிரச்சினையில்லை; இது தயங்காமல் தப்பாகச் சொல்லும் பிள்ளை.

அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் 2021இல் ஆய்வுக்கட்டுரையாகவே இதை எழுதினார்கள். முதலில் தெரிந்தது, சில கோப்புகள் காணாமல் போனது மட்டும்தான். சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும் வேலை அது. விரிக்குமுன் இப்படி அடுக்குக் கணக்குப் போட்டு அளவைக் கணக்கிடுவார்கள். 0 என்று வந்தால் விரிக்க ஒன்றுமில்லை, அடுத்ததற்குப் போகலாம். 59ஆம் கோரிடம் சிக்கிய சில கோப்புகளுக்கு அப்படித்தான் 0 விழுந்தது. எச்சரிக்கை மணி இல்லை, பிழைச் செய்தி இல்லை. மென்பொருளில் அடுக்கடுக்காகத் தோண்டி, கடைசியில் 60 வரி அசெம்ப்ளி நிரலாகச் சுருக்கிய பிறகே கோர் கையும் களவுமாகப் பிடிபட்டது.

இப்படிப்பட்ட சர்வரின் துடிப்பில் ஒரு பிசகும் இருக்காது. வெப்பம், மெமரி, நெட்வொர்க் எல்லாம் பச்சை விளக்குதான்.

அதே ஆண்டு கூகுள் ஆட்களும் தங்கள் பங்குக்கு எழுதினார்கள். அவர்கள் அனுபவத்தில் சில ஆயிரம் சர்வருக்குச் சில கோர்கள் இந்த ரகம். அதில் ஒரு கோர் செய்த கூத்து தனி: ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் தகவலைத் தப்பாகப் பூட்டும், தானே திறந்தால் மட்டும் சரியாகத் திறக்கும். வேறு எங்கே கொண்டுபோய்த் திறந்தாலும் குப்பை. அதனிடமே கொடுத்து அதைச் சோதித்திருந்தால் முழு மதிப்பெண்.

கணக்கு தப்பும் பயம் இன்று நேற்று வந்ததல்ல. 2003இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 ஆப்பிள் பவர் மேக் ஜி5 கணினிகளைக் கோத்து, உலகின் மூன்றாவது வேகமான சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்தது. மெமரியில் பிழை திருத்தும் வசதி கிடையாது. புகழ் வந்த சூட்டோடு அத்தனை கணினியையும் எடுத்துவிட்டு, அந்த வசதியுள்ள ஆப்பிள் எக்ஸ்சர்வ் சர்வர்களை வைத்தார்கள்.

கோருக்கு அப்படிச் சுலபமான மருந்து இல்லை. ஃபேஸ்புக் இரண்டு வழி கண்டது. சர்வர் பராமரிப்புக்கு ஒதுங்கும்போது நீண்ட சோதனை ஒன்று; அதன் பெயர் ஃப்ளீட்ஸ்கேனர். வேலை நடக்கும்போதே இடையிடையே மில்லிவினாடிக் கணக்கில் கேள்வி கேட்கும் ரிப்பிள் இன்னொன்று. இரண்டிலும் விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குதான் கேள்வி. ‘நலமா?’ என்று விசாரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏஐ வேலையிலும் இந்தப் பிழை தலைகாட்டியது. லாமா 3 என்ற ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்க, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 16,384 ஜிபியு வரை ஓட்டியது. 54 நாள் கணக்கில் எதிர்பாராத தடங்கல்கள் 419. அவற்றில் இந்த ரக, ஓசையில்லாத தரவுப் பிழை என்று எழுதப்பட்டவை 6. பிடிபட்டவை, அதாவது.

ஹார்ட் டிஸ்க் அடுத்த வாரம் நிச்சயம். கூகுள் 2007இல் வெளியிட்ட, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் நோய்க்குறிப்பு காத்திருக்கிறது. கூடவே பிரெண்டன் கிரெக்: 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் டிஸ்க் அடுக்கின் முன் நின்று வாய்விட்டுக் கத்தியவர். கத்தின அந்த நொடியில் டிஸ்க்கின் வேகம் குறைந்ததைத் திரை வரைபடமே காட்டியது.