நெடுங்குழல் துப்பாக்கி

அமெரிக்க நாட்டின் பழைய கைத்தொழில்களுள் நெடுங்குழல் துப்பாக்கி செய்தலும் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளினின்றும் பென்சில்வேனியாவிற் குடியேறிய கொல்லர் இதனைத் தோற்றுவித்தனர். அவர் தம் தாய்நாட்டு வேட்டைத் துப்பாக்கியோ குறுகியது, பருந்துளை உடையது. காட்டோரத்துக் குடிகளுக்கு ஈயமும் வெடிமருந்தும் அரும்பொருள்களாயிருந்தன. ஆதலின் லான்காஸ்டர் முதலிய இடங்களிலிருந்த கொல்லர் நாளடைவில் குழலை 40 அங்குலத்திற்கு மேல் நீட்டித் துளையை ஏறக்குறைய அரை அங்குலமாகச் சுருக்கினர். ஒரு ராத்தல் ஈயத்தில் ஏறத்தாழ 40 குண்டுகள் வார்க்கலாயின.

இனி, அது செய்யும் முறையைக் கூறுவாம். நீண்ட இரும்புப் பட்டையொன்றை உலையிற் காய்ச்சி, ஓர் இரும்புக்கோலைச் சுற்றி வளைத்து, சில அங்குலம் சில அங்குலமாக விளிம்புகளைப் பற்றவைத்து அடிப்பர். ஓரிடத்திற் பற்று நெகிழினும், வெடிக்கும்போது குழல் பிளந்து சுடுவோனுக்கே ஊறு விளைக்கும். பின்னர்த் துளையைக் கடைந்து சீர்செய்து, அதனூடே ஒரு நூலை இழுத்துக் கட்டி, கோணல் உளதோவெனக் கண்ணாற் பார்த்துத் திருத்துவர். குழலின் புறத்தை எண்பட்டையாக அராவுவர்.

இவற்றினும் நுண்ணியது உட்புறத்திற் புரி வெட்டுதலாம். திருகுவரி செதுக்கிய மர உருளையொன்று முன்னும் பின்னும் இயங்குங்கால், அதனோடு பிணைந்த கோலின் நுனியிலுள்ள சிறு வாட்பல் குழலின் உள்ளே சுழன்று சென்று இரும்பைச் சுரண்டும். வரியை ஆழமாக்க வேண்டின், பல்லின் அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து உயர்த்துவர். கொழுப்புத் தடவிய துணியிற் பொதிந்து செலுத்தப்படும் குண்டு, இப்புரிகளாற் சுழற்சி பெற்று, வழி பிறழாது செல்லும்.

அலைவரி ஓடும் மேப்பிள் மரத்தாற் பிடியமைத்து, இரும்பு கரைந்த வெடியுப்புத் திராவகம் பூசி அனல் காட்டுவர். மரம் செம்பழுப்பு நிறம் பெறும். துணித் துண்டுகளை வைப்பதற்குப் பித்தளை மூடியிட்ட சிறு பேழையும் பிடியிற் பதிப்பதுண்டு. சக்கிமுக்கிக் கல்லால் தீயெழுப்பும் விசைப்பொறியை இங்கிலாந்திலிருந்து வாங்குவோரும் இருந்தனர்.

இதற்குக் குறைகளும் உள. மருந்திட்டு நிரப்பக் காலம் மிகுதியாகும். ஈட்டிமுனை பொருத்த இடமில்லை. வேட்டையாடி உண்ணற்கு உதவிய இக்கருவியே போர்களிலும், பூர்வ குடிகளின் நிலத்தைக் கவர்தற்கும் பயன்பட்டமை மறைத்தற்கில்லை.

19-ஆம் நூற்றாண்டில் யந்திரங்களாற் செய்த குழல்கள் மலிந்தமையின் இக்கைத்தொழில் மெலிந்தது. ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குக் கைவழியாக வந்த அறிவு ஏட்டில் முற்றும் அடங்குவதன்று. பழம் முறைகளை மீட்க முயன்றோருள் வாலஸ் கஸ்லர் ஒருவர். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் அவர் ஒரு துப்பாக்கி முழுவதையும் கையாலேயே செய்வதைக் காட்டும் திரைப்படம் 1969-இல் வெளிவந்தது. பழம் பொருளைப் பேழையில் வைத்துக் காப்பது எளிது. அதனைச் செய்யும் திறனைக் காத்தற்கோ, கற்கும் கைகள் தலைமுறைதோறும் வேண்டும்.