கரிசல் மண்ணும் வறுமைக்கோடும்

பெரம்பலூர்க் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் குடும்பமும், அரியலூரில் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரியில் கிளீனராக ஜீவனம் நடத்துபவரும் வறியவர்களா என்று கேட்டால், அதற்கு விடை கூறும் வறுமைக்கோடு அந்த ஜில்லாக்களுக்கென்று வரையப்பட்டதன்று. கிராமத்துக்கு ஒன்றும் நகரத்துக்கு ஒன்றுமாக, மாநிலம் முழுமைக்கும் திட்டக் கமிஷன் வரைந்த கோடே அது.

அதன் மூலாதாரம் உணவு. 1979-இல் அலக் குழு, கிராமவாசிக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரியும் நகரவாசிக்கு 2,100 கலோரியும் வேண்டும் எனக் கொண்டு, அவ்வளவு உண்பவர்களின் மொத்தச் செலவை ஆராய்ந்து, 1973-74 விலைவாசியில் தலைக்கு மாதம் முறையே ரூ.49.09, ரூ.56.64 என நிர்ணயித்தது. 1993-இல் லக்டாவாலா குழு மாநிலந்தோறும் தனிக்கோடு வகுத்தது. 2009-இல் டெண்டுல்கர் குழு கலோரியைக் கைவிட்டுக் கல்வி, வைத்தியச் செலவுகளையும் சேர்த்தது. அம்முறைப்படி 2011-12-இல் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குரிய கோடு ரூ.880, அதாவது நாளொன்றுக்கு முப்பது ரூபாய்க்கும் குறைவு.

செலவைக் கேட்கும் விதத்திலும் சூட்சுமம் உண்டு. தீபாவளிக்கு மட்டுமே துணி எடுக்கும் குடும்பத்தை ஆனி மாதத்தில் சந்தித்து, சென்ற முப்பது நாட்செலவை மட்டும் விசாரித்தால் துணிக்கணக்கு பூஜ்யமாகிவிடும். ஆதலால் துணி, செருப்பு, கல்வி முதலியவற்றுக்கு 365 நாட்கணக்கு கேட்கும் முறையை டெண்டுல்கர் குழு கைக்கொண்டது.

எனினும் இக்கோடு வறியவர் எத்தனை பேர் என்று சொல்லுமேயன்றி, யார் யார் என்று சொல்லாது. அதற்கு ஆதாரமான மாதிரி ஆய்வு தனித்தனி ஜில்லாவை நம்பகமாக அளக்கும் அளவுக்குப் பெரிதுமன்று. ஆளை அடையாளங்காண 2002-இல் கிராமங்களில் வேறொரு கணக்கெடுப்பு நடந்தது: நிலம், வீடு, கடன் என 13 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், தலைக்கு இரண்டு உடைகூட இல்லாவிட்டால் 0, பத்தோ அதற்கு மேலோ இருந்தால் 4.

வேறோர் அளவுகோலான, நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, தமிழ்நாட்டில் வறியவர் விகிதம் 2015-16-இல் 4.76 சதவீதமாயிருந்து 2019-21-இல் 2.20 ஆகக் குறைந்தது. ஆனால் 2017-இல் வெளிவந்த மாநில மனித மேம்பாட்டு அறிக்கையின் ஜில்லாவாரித் தரவரிசையில் அரியலூர் கடைசியில் நின்றது. மாநிலச் சராசரி எவ்வளவு பிரகாசமாயினும், பின்தங்கிய ஜில்லாவின் நிலையை அது காட்டாது.

1997-இல் ரேஷனை வறுமைக்கோட்டால் பிரிக்கும் முறை தேசமெங்கும் வந்தபோது, தமிழகம் அதை ஏற்காமல் பொது விநியோகத்தைப் பொதுவாகவே வைத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டுவதில்லை: கோடு தவறினாலும் அரிசி தவறாது.