கடலோசையும் கேள்வியும்

பூர்வாசார்யர்களின் வியாக்யானங்களைப் பயில்வோர் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு மரபு உண்டு. பாசுரத்திற்குப் பதப்பொருளும் கருத்தும் சொல்லிக்கொண்டு வருகையில், இடையே பட்டரை நஞ்சீயர் ஒன்று கேட்டார் என்றோ, நஞ்சீயரை நம்பிள்ளை ஒன்று கேட்டார் என்றோ ஓர் உரையாடல் புகும். முடிந்த பொருளை மட்டும் எழுதி மேற்செல்லுதல் உரைகாரர்களுக்கு எளிது. ஓலையும் எழுத்தாணியும் கொண்டு எழுதிய காலத்தில் ஒவ்வோரெழுத்தும் உழைப்பு. அவ்வாறிருக்க, கேட்டவரின் திருநாமத்தையும் கேள்வியையும் அவர்கள் விடாது காத்தது ஏன் என்பது ஆராயத்தக்கது.

இம்மரபின் வேர் உபநிஷத்திலேயே உள்ளது. சாந்தோக்யத்தின் ஆறாம் பிரபாடகத்தில், பன்னிரண்டாண்டு வேதமோதி இருபத்துநான்காம் பிராயத்தில் செருக்கோடு திரும்பிய சுவேதகேதுவைத் தந்தையான உத்தாலகர் ஒரு கேள்வியால் நிறுத்துகிறார். பின்வருவது வெறும் உபதேசமன்று. பதினைந்து நாள் உண்ணாது நீர்மட்டும் பருகியிரு என்கிறார். இருந்தபின் ஓதிய வேதம் நினைவில் எழவில்லை, உண்டபின் எழுகிறது. மனம் அன்னமயம் என்பதை மகன் தன் உடலிலேயே கண்டுகொள்கிறான். உப்பை நீரிலிட்டுவைத்து மறுநாள் காலை அதை எடுத்துவா என்கிறார், தேடியும் அகப்படவில்லை. மேலே, நடுவே, அடியில் என மூன்றிடத்தும் பருகச்செய்ய, எங்கும் கரிப்பு. கண்ணுக்குப் புலப்படாமை இன்மைக்குச் சான்றாகாது என்பது இங்கே நாவால் நிலைநாட்டப்பெறுகிறது. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களைக் கண்டவர்களுக்கு இதன் மறுபாதியும் தெரியும்: வெயில் நீரைக் கொண்டுபோக, மறைந்திருந்த உப்பு பாத்தியில் வெளிப்படும். இந்நாளில் சோதனை என்று சொல்லப்படுவதன் இலக்கணம் இவ்வுரையாடலில் குறைவறக் காணப்படுகிறது. ஆயினும் இதிற் பெரிதாகக் கொள்ளத்தக்கது சுவேதகேதுவின் செயலே. தந்தை ஒவ்வொரு முறை முடிக்கும்போதும், இன்னும் விளங்கச் சொல்லவேண்டும் என்று அவன் மீண்டும் வேண்டுகிறான். மகாவாக்கியம் ஒன்பது முறை ஓதப்பெற்றது அவன் அவ்வாறு கேட்டுக்கொண்டே இருந்ததனால்தான். முதல்முறையிலேயே தலையசைத்திருந்தால் உப்பும் இல்லை, ஆலம்விதையும் இல்லை.

அதே பிரபாடகத்தில் தேஜஸ், நீர், மண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்தனவென்று சொல்லும் திரிவிருத்கரணத்தைக் கொண்டே எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் யதார்த்தக்யாதியை நிலைநாட்டினார். அறிவெல்லாம் உள்ள பொருளையே பற்றும் என்பது அவ்வாதம். உடனே எதிராளி கேட்பான்: கிளிஞ்சலில் வெள்ளியைக் காண்பதும் உள்ளதைக் காண்பதென்றால், அதைப் பிரமம் என்று உலகம் சொல்வது எங்ஙனே? கேள்வி கூர்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. எல்லாப் பொருளிலும் எல்லாவற்றின் கூறும் உண்டாகையால் கிளிஞ்சலிலும் வெள்ளியின் கூறு சிறிது உண்டு. கண்முதலியவற்றின் தோஷத்தால் மிக்கிருக்கும் கிளிஞ்சற்கூறு மறைந்து வெள்ளிக்கூறு மட்டும் தோன்றுகிறது. தோஷம் நீங்கினால் மிக்க கூறு தோன்றி முன்னதைப் பாதிக்கிறது என்பது விடை. அறிவு பொய்யானதனாலன்று, குறைவாயிருந்ததனாலேயே அது பிரமமெனப்பட்டது. அக்கேள்வி எழாதிருந்தால் மிகுதி, குறைவு என்ற இவ்வேறுபாடு வெளிப்பட்டிராது.

பூர்வபக்ஷத்தை எம்பெருமானார் நடத்தும் முறையும் கருதத்தக்கது. மகாபூர்வபக்ஷம் என்று பெயர்பெற்ற பகுதியில் அத்வைத மதத்தை, அதைச் சார்ந்தவர்களும் குறை சொல்லவொண்ணாதபடி விரித்துரைத்த பின்னரே, அவித்யையின்மீது ஏழுவித அனுபபத்திகளைக் காட்டப் புகுகிறார். மேலைநாட்டில் கலீலியோ 1632இல் வெளியிட்ட உரையாடல் நூலிலும் மூவர் நான்கு நாள் பேசி, பூமி சுழல்வதை ஆராய்வர். ஆனால் அங்கே பழைய கொள்கைக்காக வாதாடும் சிம்ப்ளிசியோ பெரும்பாலும் நகைப்புக்கிடமாகவே நிற்கிறான். எதிராளியை மெலியவனாக்கி வெல்வது எளிது. அவ்வகையில் ஸ்ரீபாஷ்யத்தின் உரையாடல் ஒருபடி மேலானதென்றே சொல்லவேண்டும்.

ஸம்ஸ்க்ருத பாஷ்யத்தில் எதிராளிக்குப் பெயரில்லை. திவ்யப்ரபந்த வியாக்யானங்களில் கேட்பவருக்குப் பெயருண்டு, ஊருண்டு, வரலாறுண்டு. நஞ்சீயர் முன்பு மேல்நாட்டில் வேதாந்தியாயிருந்து, பட்டரோடு பல நாள் வாதிட்டுத் தோற்று, பின்பு அனைத்தையும் துறந்து திருவரங்கம் வந்தவர். வாதத்தில் தோற்றவர் வாய்மூடியிருப்பது உலகியல்பு. இவரோ சிஷ்யரான பின்பும் கேட்பதை விடவில்லை. ஆழ்வார்கள் அனைவரும் கிருஷ்ணாவதாரத்தில் இத்தனை ஈடுபடுவது ஏன் என்று அவர் கேட்டதும், அவ்வவதாரம் அண்மையில் நிகழ்ந்ததாகையாலே சற்று முற்படப் பிறக்கப்பெற்றிலோமே என்னும் இழவு அவர்களுக்கு ஆறாதிருந்தது என்று பட்டர் விடை தந்ததும் ஸம்ப்ரதாயப் பிரஸித்தம். தத்துவத்தைக் கேட்டவருக்கு விடையாக வந்தது ஓர் உள்ளத்தின் நோவு. நாளடைவில் நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைப் பகலில் கேட்டு இரவில் எழுதிவைத்தார் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. முப்பத்திரண்டெழுத்துக் கொண்டது ஒரு படி. அத்தனை படிகளிலும் கேட்டவர் குரல் ஒலிப்பதற்கு, அது பேச்சிலிருந்து பிறந்த நூல் என்பதே காரணம்.

இவற்றுள் மிகக் கடுமையான கேள்வி சமுதாயத்தைப் பற்றியது. ஆளவந்தார் திருவடிகளில் ஆச்ரயித்த மாறனேர் நம்பி, நால்வருணத்துக்கும் புறம்பென்று உலகம் ஒதுக்கிய குலத்திற் பிறந்தவர். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, அவருடைய ஸப்ரஹ்மசாரியும் எம்பெருமானாரின் ஆசார்யருமான பெரிய நம்பி, தாமே முன்னின்று பிரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தருளினார். ஊரார் சீறினர். உடையவர் பெரிய நம்பியிடம் சென்று, மரியாதை குலையாமல் நடத்தவேண்டாவோ என்று விண்ணப்பம் செய்தார். பிறரைக்கொண்டு செய்வித்திருக்கலாகாதோ என்ற கருத்தும் அதில் அடங்கியிருந்தது. சிஷ்யர் ஆசார்யரைக் கேட்டது அது. ஆயினும் குருபரம்பரை நூல்கள் அதனை மறைக்கவில்லை.

பெரிய நம்பி விதிவாக்கியங்களை எடுத்து விடை கூறவில்லை. கேள்விகளாகவே விடை தந்தார். ஸந்தியாவந்தனத்துக்கு ஆள் வைப்பாருண்டோ என்றார். பெரியவுடையாருக்கு ஈமக்கடன் செய்த பெருமாளைக் காட்டிலும் தாம் மேற்பட்டவரோ, அப்பெரியவுடையாரைக் காட்டிலும் இவர் தாழ்ந்தவரோ என்றார். விதுரருக்கு அக்கடன் செய்த தருமபுத்திரரையும் எடுத்துக்காட்டினார். இறுதியாக, பயிலும் சுடரொளியும் நெடுமாற்கடிமையும் வெறும் கடலோசைதானோ என்றார். அடியார் எக்குலத்தினராயினும் அவரே நம்மை ஆள்பவர் என்று அறுதியிடுபவை அவ்விரண்டு திருவாய்மொழிகள்.

இக்கடைசிக் கேள்வியின் ஆழத்தைச் சென்னை இராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றி வாழ்வோர் நன்குணரக்கூடும். கடல் அங்கே கூப்பிடு தூரத்தில். இரவும் பகலும் இரைந்துகொண்டேயிருக்கும். துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளின் இரைச்சல் அதை விழுங்குகிறது என்பது ஒருபுறமிருக்க, ஓயாமல் ஒலிப்பதனாலேயே அதை எவரும் செவிகொடுத்துக் கேட்பதில்லை. நாள்தோறும் ஸேவிக்கப்படும் பாசுரத்துக்கும் இவ்விபத்து உண்டு. ஒலி செவியில் விழும். பொருள் வாழ்க்கையில் விழாது. பெரிய நம்பி சுட்டியது இதனையே. பாசுரத்தை அறியாதவர்களை அவர் குறை கூறவில்லை; அன்றாடம் ஓதுபவர்களையே கேட்டார்.

கேள்வியை ஏன் காத்தார்கள் என்பதற்கு இந்நிகழ்ச்சியிலேயே விடை கிடைக்கிறது. பெரிய நம்பியின் கருத்தை மட்டும் எடுத்து, பாகவதர்களிடத்தில் ஜன்மநிரூபணம் கூடாது என்று ஒரு வரியாக எழுதிவைத்தால் அது உண்மையே. ஆனால் அவ்வரியும் நாளடைவில் ஓதப்பட்டு ஓதப்பட்டுக் கடலோசையாகிவிடும். கேட்டவர் உடையவர், கேட்கப்பட்டவர் பெரிய நம்பி, இடையே கிடந்தது மாறனேர் நம்பியின் திருமேனி என்று நிகழ்ச்சி முழுவதும் நிற்கும்போது, வாசிப்பவனும் தான் எப்பக்கம் நிற்பவன் என்று தேடவேண்டியவனாகிறான். இக்காலத்தில் வியாக்யானங்களைச் சுருக்கி எளிய தமிழில் தருவோர் முதலில் விட்டுவிடுவது இத்தகைய உரையாடல்களைத்தான். கதை என்று கருதி விடுகின்றனர் போலும். உபந்யாஸங்களிலும் பேசுபவர் ஒருவர், கேட்பவர் நூற்றுவர், ஐயம் எழுப்புபவர் எவருமில்லை என்ற நிலை பெருகிவிட்டது. நஞ்சீயர் இன்று ஒரு ஸபையில் எழுந்து கேட்டால் அவரை அமரச்சொல்வாரும் இருக்கலாம்.

அத்யயனோத்ஸவத்தில் இராப்பத்து மூன்றாம் நாளில் பயிலும் சுடரொளியும், எட்டாம் நாளில் நெடுமாற்கடிமையும் ஆண்டுதோறும் திருமுன்பே ஸேவிக்கப்படுகின்றன.