மும்பைச் சூரியனும் சுவர்க் காலண்டரும்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று எங்கே போனாலும் தமிழர் வீட்டுச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்கிறது அது. ஒன்பது மணி தாண்டியதும் நல்ல காரியத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். ஜனவரி மாத மும்பையில் இந்தக் கணக்கு பொருந்தாது.

பகற்பொழுதை எட்டுப் பங்காக்கினால், திங்களன்று இரண்டாம் பங்குதான் ராகுகாலம். சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைந்தால் 7.30-9 சரி. ஆனால் ஜனவரி நடுவில் மும்பையில் உதயம் சுமார் 7.14, அஸ்தமனம் சுமார் 6.21. அப்போது ஒரு பங்கு 83 நிமிடம். ராகுகாலம் 8.37 வாக்கில் தொடங்கி 10 மணிக்குத்தான் முடிகிறது.

குளிர்காலத்தில் உதயம் தாமதமாவது எல்லா ஊருக்கும் உண்டு. மும்பைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மும்பை அதற்கு மேற்கே ஏறத்தாழ 9.6 பாகை தள்ளியிருப்பதால், இங்கே சூரியன் சராசரியாக 39 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது. சென்னைக்கு இந்தப் பிந்தல் 9 நிமிடம், திருநெல்வேலிக்கு 19.

இந்த 39 நிமிடமும் ஆண்டு முழுவதும் நிலையாக நிற்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் மும்பையில் உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 12.22 வாக்கில் வருகிறது. பிப்ரவரி நடுவில் 12.53 வரை தள்ளிப்போகிறது.

இந்த நகரம் ஒரு காலத்தில் தன் சூரியனை விட்டுக்கொடுக்கவில்லை. 1906 ஜனவரி 1-ல் இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தபோது பம்பாயில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பருத்தி ஆலைத் தொழிலாளர்களும் போராடினார்கள். ரயில் ஒரு நேரத்திலும் ஊர் இன்னொரு நேரத்திலும் ஓடின. 39 நிமிடம் பின்தங்கிய ‘பம்பாய் நேரம்’ 1955 வரை புழக்கத்தில் இருந்தது.

ரயிலுக்கும் அலுவலகத்துக்கும் பொது நேரம் வேண்டும்; அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சூரியனை வைத்துச் செய்யும் காரியங்களுக்கு அந்தந்த ஊரின் உதயமே ஆதாரம். மும்பையில் விற்கும் தமிழ்க் காலண்டர்களில் மும்பை உதய, அஸ்தமன நேரங்களை அச்சிடுங்கள். அதுவரை ராகுகாலம் பார்ப்பவர்கள் அன்றைய மும்பை உதயத்திலிருந்து கணக்கிடுங்கள். நம்பிக்கை இல்லாதவர்கள், மே நடுவில் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் நேராக ஒரு குச்சியை நட்டு வையுங்கள். 12.35 வாக்கில் அதன் நிழல் அடியோடு மறையும். மும்பையின் உண்மையான உச்சிப்பொழுது அதுதான்.